தறிச்சத்தமும் தொழிலாளர் செவியும்: விசைத்தறி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரங்களின் விசைத்தறி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்:

நாடாத் தறியின் சத்தத்தில் பெரும்பங்கு அடியிலிருந்து பிறப்பது. ஒரு பக்கப் பெட்டியில் நிற்கும் நாடாவை மறுபக்கம் அனுப்ப, பிக்கிங் ஸ்டிக் என்ற மரக்கோல் நொடியின் சிறு பகுதிக்குள் வீசப்படுகிறது. கோல் பிக்கரை அடிக்கிறது, பிக்கர் நாடாவைத் தள்ளுகிறது, நாடா பாவின் ஊடே பறந்து எதிர்ப்பெட்டியில் மோதி நிற்கிறது. உடனே அச்சு முன்வந்து ஊடையை அடித்துச் சேர்க்கிறது. நிமிடத்துக்கு 150 ஊடை போகும் தறியில் இது 150 தடவை நடக்கும். ஒருவர் பார்க்கும் தறிகள் எட்டு என்றால், அவரைச் சுற்றி நிமிடத்துக்கு 1,200 அடிகள். பற்சக்கரங்களின் இரைச்சல், மோட்டாரின் ஓட்டம், தளர்ந்த போல்ட்டுகளின் அதிர்வு எல்லாம் இதன்மேல் ஏறுகின்றன. இத்தகைய கூடங்களில் நிற்பவரின் காதருகே அளந்தால் பெரும்பாலும் 95 முதல் 105 டெசிபெல் வரை காட்டும்.

டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 90 என்ற அளவிலிருந்து 93க்குப் போனால் காதுக்குள் நுழையும் ஒலியாற்றல் இருமடங்காகிறது. 100க்குப் போனால் பத்து மடங்காகிறது. ஒரே மாதிரியான இரண்டு தறிகளில் ஒன்றை நிறுத்தினால் சத்தம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றாது, மூன்று டெசிபெல்தான் இறங்கும். தொழிலிடத்தில் அளக்கும்போது மனிதக் காதின் உணர்வுக்கேற்ப எடைபோட்ட 'ஏ' அளவுகோலையே பயன்படுத்துவார்கள். இம்மடலில் வரும் டெசிபெல் எண்கள், கேட்புச் சோதனை பற்றியும் காதடைப்பானின் தடுப்புத் திறன் பற்றியும் வருபவை தவிர, அந்த அளவுகோலில் உள்ளவை. கருவி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால், அங்கே 85 டெசிபெலை ஒட்டிய சத்தம் இருப்பதாகக் கொள்ளலாம். தறிக்கூடத்தில் குரலை உயர்த்தினாலும் போதாது. அங்கே பேச்சு பெரும்பாலும் கைச்சாடையிலும் உதட்டசைவிலும் நடக்கிறது.

இந்தச் சத்தம் கெடுப்பது செவிப்பறையை அல்ல. செவிப்பறை கிழிவது வெடிச்சத்தத்தில் நேர்வது. தறிச்சத்தம் போய்ச் சேரும் இடம் உட்காதிலுள்ள காக்லியா என்ற நத்தைச்சுருள். அதன் உள்ளே வரிசை வரிசையாக நுண்மயிர்ச் செல்கள் நிற்கின்றன. ஒரு காதில் வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000, உள்வரிசையில் ஏறத்தாழ 3,500. அதிர்வை மின்குறியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. ஒரு நாள் சத்தத்தில் இவை களைத்துப் போகின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்தது போலவும், உள்ளே ஏதோ இரைவது போலவும் இருப்பது அந்தக் களைப்புதான். ஓய்வில் அது பெருமளவு மீளும். ஓய்வு போதாமல் மறுநாளும் அடுத்த நாளும் அதே சத்தத்தில் நின்றால் செல்கள் மடியத் தொடங்குகின்றன. தோல் வளர்வது போல, எலும்பு கூடுவது போல இவை மீண்டும் முளைப்பதில்லை. பாலூட்டிகளின் உட்காதில் இழந்த நுண்மயிர்ச் செல் இழந்ததுதான். இதற்கு மாத்திரையும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை.

முதலில் போவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் இரைச்சலின் முதல் தடயம் பதியும். காதுக்குழாயின் நீளமும் வடிவமும் 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகளைப் பெருக்கி உள்ளே அனுப்புவது அதற்கு ஒரு காரணம். கேட்புச் சோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு ஒரு குழியாக இறங்கி, 8,000 ஹெர்ட்ஸில் மறுபடி ஏறும். மூப்பினால் வரும் செவிட்டில் இந்த ஏற்றம் இருக்காது. மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய இது உதவுகிறது. பேச்சின் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிப்பவை. மெய்யொலிகளைத் தெளிவாக்கும் சாயல்கள் உயர்ந்த சுருதியில், மெலிந்து ஒலிப்பவை. அதனால் இந்நிலையில் இருப்பவருக்குப் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. 'பத்து' என்றார்களா 'பட்டு' என்றார்களா என்பது தெரியாது. அமைதியான அறையில் நேருக்கு நேர் பேசினால் சமாளித்துவிடுவார். கல்யாண வீட்டிலும் பேருந்து நிலையத்திலும் திணறுவார். 'காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க' என்று அவர் வீட்டாரிடம் சொல்வது பொய்யல்ல. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. இந்தச் சேதம் பல ஆண்டு கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நெசவாளர் செவி பற்றிய தெளிவான ஆய்வுகளில் ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்தது. வங்கத்துச் சணலை வாங்கி நெய்த நகரம் அது. வில்லியம் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் அங்குள்ள சணல் நெசவாளர்களின் கேட்புத் திறனை அளந்து 1965இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே வகைத் தறியருகே நின்ற பெண்கள் அவர்கள். வேறு பெருஞ்சத்தம் எதற்கும் ஆளாகாதவர்கள். 4,000 ஹெர்ட்ஸில் இழப்பு முதல் 10, 15 ஆண்டுகளுக்குள் வேகமாக ஏறிவிடுகிறது, பேச்சுக்கு முக்கியமான 2,000 ஹெர்ட்ஸில் சேதம் அதற்குப் பின்னரே மெல்ல வலுக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தறிக்கூடங்களுக்கு இதன் பொருள் நேரானது. இருபது வயதில் தறிக்கு வருபவரின் காதைக் காப்பாற்ற வேண்டிய காலம் முதல் பத்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. குறை தெரியவரும்போது காக்க மிஞ்சியிருப்பது குறைவு. தொழிற்சத்தம் செவியைக் கெடுக்கும் என்பது 1965க்கு வெகு முன்பே தெரிந்த செய்திதான். வெனிஸ் நகரச் செம்புக் கொல்லர்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். கிளாஸ்கோவின் கொதிகலன் தொழிலாளர்களைத் தாமஸ் பார் 1886இல் சோதித்தார்.

இந்தியாவில் தொழிற்சாலை இரைச்சலுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், 90ஐயும் அதற்கு மேற்பட்டதையும் உயர் இரைச்சல் என்று வரையறுத்து, சத்தம் 5 டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கும் நேரத்தைப் பாதியாக்குகின்றன. 95க்கு 4 மணி, 100க்கு 2 மணி, 105க்கு ஒரு மணி, 110க்கு அரை மணி, 115க்கு கால் மணி. தறிக்கூடத்தின் சத்தம் 100 என்றால் விதிப்படி ஒருவர் பாதுகாப்பின்றி நிற்கக்கூடிய நேரம் 2 மணிதான். விசைத்தறியில் பரவலாக உள்ள ஷிப்ட் 12 மணி நேரம். வரம்பைப் போல ஆறு மடங்கு. ஷிப்டே 12 மணி நேரம் என்றால் 90 என்ற எண்ணும் பொருந்தாது. அதே கணக்கில் வரம்பு 87க்கு இறங்கிவிடும்.

இந்த 90 என்ற எண்ணே பழையது, தளர்ந்தது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் இதே 90ஐயும் இதே 5 டெசிபெல் கணக்கையும் வைத்திருந்தாலும், 85ஐத் தொட்டதும் கேட்புச் சோதனையும் பயிற்சியும் காதடைப்பானும் தர வேண்டும் என்று 1980களிலேயே சேர்த்துவிட்டது. அந்நாட்டின் தொழில்சார் ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998இல் பரிந்துரைத்த வரம்பு 85, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி. ஒலியாற்றலின் இயல்புக்கு ஒத்துவருவது இந்த மூன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணையில் நடவடிக்கை 80லேயே தொடங்குகிறது; காதடைப்பானையும் கணக்கில் சேர்த்து எந்நிலையிலும் தாண்டக் கூடாத எல்லை 87. நையோஷ் கணக்கில் 100 டெசிபெலுக்கு அனுமதி 15 நிமிடம். 12 மணி நேர ஷிப்ட் அதன் 48 மடங்கு. இரண்டு கணக்குகளில் எது சரி என்று வாதிடுவதில் தறிக்கூடங்களுக்குப் பயனில்லை. தளர்ந்த கணக்கிலேயே அவை வரம்பைத் தாண்டி நிற்கின்றன.

சட்டம் எட்டும் தூரம் அடுத்த சிக்கல். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில், மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பில் அந்த எண் 20. எட்டுத் தறி, பன்னிரண்டு தறி வைத்து இரண்டு மூன்று பேரைக் கொண்டு ஓட்டும் கூடங்கள் பழைய வரையறையிலும் வரவில்லை, புதியதிலும் வரவில்லை. தமிழ்நாட்டின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளில் கணிசமானவை இத்தகைய சிறு கூடங்களில்தான் ஓடுகின்றன. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கின்றன. தறிச்சத்தத்தால் தூக்கம் கெடும் பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதே சத்தத்தின் நடுவே பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு இல்லை. அப்படி நிற்பவர் பல கூடங்களில் உரிமையாளரேதான். கூலிக்கு நெய்யும் சிறு உரிமையாளர் ஆள் வராத நாளில் தாமே தறி ஓட்டுகிறார், மனைவி ஊடை நூலைத் தாரில் சுற்றுகிறார், கூடத்தை ஒட்டிய அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த மடல் ஆய்வாளர்களுக்கு எழுதப்படாமல் சங்கங்களுக்கு எழுதப்படுவதன் காரணம் இதுதான். சட்டம் எட்டாத கூடங்களை எட்டக்கூடிய ஒரே அமைப்பு சங்கம்.

சத்தத்தைக் குறைக்கும் வேலை காதில் அல்ல, தறியில் தொடங்க வேண்டும். தேய்ந்த பிக்கர், இறுகிப்போன பஃபர், நாடாப்பெட்டியில் சரியாக அமையாத பிடி, எண்ணெய் காணாத பற்சக்கரம், ஆடும் போல்ட் ஒவ்வொன்றும் கூடுதல் சத்தம். இவை எல்லாமே நூல் அறுவதற்கும் உதிரிபாகச் செலவுக்கும் காரணமானவை என்பதால், இங்கே செவிக்கு நல்லதும் துணிக்கு நல்லதும் ஒன்றாகவே நிற்கின்றன. நாடாவை வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக அடிக்கும்படி ஃபிட்டர் வைத்துவிட்டுப் போவது வழக்கமாக நடப்பது. எதிர்ப்பெட்டியில் போய் ஒழுங்காக நிற்கும் அளவுக்கு அடியைக் குறைத்து வைத்தால் சத்தமும் இறங்கும், பிக்கிங் ஸ்டிக்கும் நாள்பட உழைக்கும். இரும்புப் பற்சக்கரம் இருக்குமிடத்தில் நைலான் பற்சக்கரம் போட முடிகிற இடங்களும் உண்டு. தறிக்காலுக்கு அடியில் ரப்பர் வைப்பதால் தரைவழி அதிர்வு குறையும். அது பக்கத்து வீட்டுக்குப் பெரிதும் உதவும், தறி ஓட்டுபவரின் காதுக்கு அவ்வளவாக உதவாது. இந்த வேறுபாடு தெரியாமல் ரப்பருக்குப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

கூடத்தின் அமைப்பிலும் செய்யக்கூடியவை உண்டு. சிமென்ட் கூரை, பூசிய சுவர், வெறும் தரை எல்லாம் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. கூரைக்கடியில் ஒலியுறிஞ்சும் பலகைகள் தொங்கவிட்டால் எதிரொலி தணியும். தறிகளுக்கு நடுவே நிற்பவருக்கு நேரடியாக வரும் சத்தமே மிகுதி என்பதால் அவருக்குக் கிடைக்கும் குறைவு சில டெசிபெலுக்கு மேல் போகாது. இதைவிடச் செலவு குறைந்தது, பயன் மிகுந்தது ஒரு குறுக்குச் சுவர். பல கூடங்களில் தார் சுற்றும் மிஷின் தறிகளின் ஓரத்திலேயே கிடக்கிறது. அதில் வேலை செய்யும் பெண்கள் தறியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் தறி ஓட்டுபவருக்குச் சமமாகச் சத்தத்தை வாங்குகிறார்கள். தார் மிஷினைத் தனி அறைக்கு மாற்றி, செங்கல் சுவரும் நன்றாகப் பொருந்தும் கதவும் வைத்தால், ஒரே வேலையில் அவர்கள் 20 டெசிபெலுக்கும் மேல் குறைவாகக் கேட்கும் இடத்துக்குப் போய்விடலாம். துணி மடிக்கும் இடம், சாப்பிடும் இடம், கணக்குப் பார்க்கும் மேசை எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்தும். நாடாத் தறியை எடுத்துவிட்டு நாடா இல்லாத ரேபியர் தறி போட்டால் பிரச்சினை தீரும் என்ற எண்ணம் பாதி உண்மைதான். நாடாவின் அடி போய்விடும், ஆனால் வேகம் கூடுவதால் ரேபியர் கூடங்களும் 90ஐத் தாண்டி நிற்பது வழக்கம்.

இவ்வளவும் செய்த பின்பும் 85க்குக் கீழே வராத கூடத்தில் காதடைப்பான் தேவைப்படுகிறது. கழிவுப் பஞ்சைச் சுருட்டிக் காதில் வைக்கும் பழக்கம் தறிக்கூடங்களிலும் நூற்பாலைகளிலும் பரவலாக உண்டு. பஞ்சு தடுப்பது மிகக் குறைவு. வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையை மட்டும் தரும். நுரைக் காதடைப்பானின் அட்டையில் 29, 33 என்று தடுப்புத் திறன் அச்சிட்டிருக்கும். அவை ஆய்வகத்தில், பயிற்சி பெற்ற கைகள் வைத்துப் பார்த்த எண்கள். கூடத்தில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கிடும்படி நையோஷ் சொல்கிறது. அந்தப் பாதியும் சரியாக வைத்தால்தான் கிடைக்கும். முதலில் கை கழுவி எண்ணெய் போக்க வேண்டும். நுரையை விரல்களுக்கிடையே மெல்லிய கம்பியாக, மடிப்பு விழாமல் உருட்ட வேண்டும். வலக்காதில் வைக்க இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுக்குழாய் நேராகும். அப்போது நுரையை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். நேர் எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அடைப்பான் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது உள்ளே போகவில்லை. இதை ஐந்து நிமிடம் நேரில் செய்துகாட்டாமல் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவதால் பயன் வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தறி ஓட்டுபவர்களுக்குச் செய்துகாட்டுவதே மொழி. காதை முழுதும் மூடும் காதுமூடி தடுப்பதில் குறைவில்லை; ஆனால் சித்திரை வெயிலில், பாவு ஈரத்துக்காகக் காற்றை அடைத்து வைத்த கூடத்தில், அதைப் பன்னிரண்டு மணி நேரம் போடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு நல்ல அடைப்பான் என்பதைவிட முக்கியம். 30 டெசிபெல் முழுதாகத் தடுக்கும் ஒன்றை 8 மணி நேர வேலையில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தால், அன்றைய மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபெலுக்கு வந்துவிடும். அந்த அரை மணியில் நுழையும் ஆற்றல் மற்ற ஏழரை மணியின் சேமிப்பை விழுங்கிவிடுகிறது. 'சத்தத்தை வைத்துத்தான் தறி கோளாறைக் கண்டுபிடிக்கிறோம், அடைத்துக்கொண்டால் எப்படி?' என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அடைப்பான் தறியின் ஓட்டத்தையும் கோளாற்றுச் சத்தத்தையும் சேர்த்தே தணிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். செவி நன்றாக உள்ளவர் சில நாட்களில் பழகிக்கொள்வார். ஏற்கெனவே உயர்சுருதி இழந்தவருக்கு இது உண்மையிலேயே கடினம். அவருக்கு மிகையாகத் தடுக்காத, சீராகத் தணிக்கும் வகையைத் தேர்ந்து தர வேண்டும். பலவந்தமாக மாட்டச் சொல்வதில் தீராது.

இவற்றில் எது வேலை செய்கிறது என்பதைச் சொல்வது கேட்புச் சோதனை மட்டுமே. மாதிரி விதிகளின்படி உயர் இரைச்சலில் வேலைக்குச் சேருபவருக்கு 14 நாட்களுக்குள் முதல் சோதனை. பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது. 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுருதிகளில் இரு காதுகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். முதல் நாள் வரைபடம் இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த வரைபடமும் ஊமை. இழப்பு இந்தக் கூடத்தில் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல வழியிராது. உரிமையாளரையும் தொழிலாளரையும் ஒருசேரக் காக்கும் தாள் அது. சோதனைக்கு முந்தைய 14 மணி நேரமாவது காது சத்தத்திலிருந்து ஓய்ந்திருப்பது நல்லது. ஷிப்ட் முடிந்த கையோடு சோதித்தால் தற்காலிகக் களைப்பும் இழப்பாகப் பதிவாகும். புதிய சட்டத்தொகுப்பு, அரசு வகுக்கும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுதோறும் இலவச உடல்பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. இரைச்சல் விஷயத்தில் வயதை அடிப்படையாகக் கொண்ட சோதனை பிந்திப்போகும். டண்டீ நெசவாளர்களிடம் கண்டபடி, சேதத்தின் பெரும்பங்கு முப்பத்தைந்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வரைபடத்தின் ஒரு பிரதி தொழிலாளர் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கூடம் மாறுபவர்கள் நிறைந்த தொழிலில், உரிமையாளர் அலமாரியில் மட்டும் இருக்கும் தாள் யாருக்கும் உதவாது.

இரைச்சலால் வரும் கேட்புக்குறைவு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டிய கடமையும் அதிலிருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் இது தொழில்நோய்ப் பட்டியலின் 'பி' பகுதியில் இருந்தது. அப்பகுதிக்குரிய வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அந்நோய் வந்தால், வேறுவிதமாக நிறுவப்படாதவரை அது வேலையால் வந்ததாகவே கருதப்பட்டது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும், இந்தியாவில் இதற்கு முதல் இழப்பீடு 1996இல்தான் கிடைத்தது என்று மருத்துவ இதழ்கள் குறிப்பிடுகின்றன. மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016 வழியாகவும் இவர்களுக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. கேட்புக்குறைவு என்று அது ஏற்பது பேச்சுச் சுருதிகளில் இரு காதிலும் 60 டெசிபெல் இழப்பிலிருந்துதான். இரைச்சல் செவிடு உயர்சுருதியைத் தின்று, தாழ்சுருதியை ஓரளவு விட்டுவைப்பது. வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தும் சான்றிதழ் வாங்கும் அளவுக்கு இராத இழப்பு இது. அதனால் பின்னால் கிடைக்கும் ஈட்டை நம்பி முன்னால் விட்டுவிடுவது தொழிலாளருக்குச் செய்யும் அநீதி.

தனிக் கூடத்தால் ஆகாத பல செலவுகள் சங்கத்துக்குச் சிறியவை. ஒலி அளக்கும் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி, அளக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக் கூடம் கூடமாக அனுப்பலாம். ஒவ்வொரு கூடத்துக்கும் தறிக்கருகில், தார் மிஷின் அருகில், வீட்டு வாசலில் என்று மூன்று எண்கள் எழுதித் தந்தாலே பேச்சு அனுமானத்திலிருந்து கணக்குக்கு வந்துவிடும். கேட்பியல் வல்லுநரை ஆண்டுக்கொரு முறை அழைத்து, ஒலி புகாத சோதனை அறை கொண்ட வண்டியில் முகாம் நடத்தலாம். ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் தறி நிற்கும் நாட்களை ஒட்டி வைத்தால் காதின் ஓய்வும் தானாகக் கிடைக்கும். கூடங்களின் பட்டியல் தேடி அலைய வேண்டியதில்லை. விசைத்தறிக்கென்றே தனி மின்கட்டணப் பிரிவும், இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரமும் இருப்பதால், ஒவ்வொரு கூடமும் மின்வாரியக் கணக்கில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இருபது பேருக்குக் குறைந்த கூடங்களையும் கேட்புச் சோதனைத் திட்டத்தில் சேர்க்கும்படி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் சங்கங்களே கேட்டால், அரசு அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழும். மீட்டர் கூலியில் பிழைக்கும் உரிமையாளரின் நெருக்கடி பொய்யல்ல. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அங்குலத்துக்கு 50 ஊடை உள்ள துணியை, நிமிடத்துக்கு 150 ஊடை போகும் தறியில், 80 விழுக்காடு ஓட்டத்தில் நெய்தால், 12 மணி நேரத்தில் ஒரு தறி ஏறத்தாழ 44 மீட்டர் தரும். எட்டுத் தறி பார்ப்பவர் ஒரு ஷிப்டில் 350 மீட்டர், மாதம் 26 ஷிப்டில் 9,100 மீட்டர் இறக்குகிறார். அவருடைய காதடைப்பானுக்கும் ஆண்டுச் சோதனைக்கும் அளவுகருவியின் பங்குக்கும் சேர்த்து மாதம் 100 ரூபாய் ஒதுக்கினால் மீட்டருக்கு ஒரு பைசாவுக்குச் சற்று மேல் வரும். ஜவுளி உற்பத்தியாளர்களோடு நடக்கும் கூலி உயர்வுப் பேச்சில் மின்கட்டணம், உதிரிபாகம், ஆட்கூலி என்று வரிசைப்படுத்தும் பட்டியலில் அடுத்த வரியாக இந்த ஒரு பைசாவை எழுதலாம்; ஒப்பந்தத்தில் அது தனி இனமாகவே நிற்கலாம்.